பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்: மறுபயன்பாடு என்றால் என்ன?

போன வருடம் என் தம்பி மகளின் பள்ளியில் கண்காட்சி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு ‘மறுசுழற்சி செய்த பொருள்’ கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து வீட்டில் காலி பாட்டில் ஒன்றுகூட இல்லை. காரைக்குடிக் கடைவீதிக்குப் போய் இரண்டு லிட்டர் குளிர்பானம் வாங்கினோம். வீட்டில் யாருக்கும் பிடிக்காத பானம், பாதியைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது. அப்புறம் பசைக் குச்சி, ஜிகினாத் தாள், தங்க நிற ஸ்பிரே பெயின்ட். ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகி ஒரு பூச்சாடி உருவானது. இரண்டாம் பரிசும் வாங்கிவிட்டது.

கண்காட்சி முடிந்தபின் அதைப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொடுத்தால், தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பசையும் பெயின்டும் ஜிகினாவும் ஏறிய பாட்டில் அவருடைய எந்த மூட்டையிலும் சேராது. வெறும் பாட்டிலாக இருந்திருந்தால் எடையில் போட்டிருப்பார்.

ஆக, அந்தப் பூச்சாடி மறுசுழற்சியும் இல்லை, மறுபயன்பாடும் இல்லை. புதிதாக நான்கு பொருள் வாங்கி, மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய ஒன்றையும் குப்பையாக்கியிருந்தோம். அந்த ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு சொற்களையும் எல்லோருமே கலந்துகட்டித்தான் பேசுகிறோம்.

பழைய சங்கிலிக்கு இரண்டு வழி

அம்மாவின் பழைய சங்கிலி ஒன்று மகளுக்கு வருகிறது. மகள் அதை அப்படியே கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அல்லது நகை ஆசாரியிடம் கொடுத்து, உருக்கி, வளையலாக அடித்துக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேதாரம் போகும், செய்கூலி கொடுக்க வேண்டும்.

உருக்கி வளையலாக்குவது மறுசுழற்சி. அதாவது, பொருளின் வடிவத்தை அழித்து, அது எதனால் ஆனதோ அந்தச் சரக்கை மட்டும் மீட்டுப் புதுப்பொருள் செய்வது. அப்படியே போட்டுக்கொள்வது மறுபயன்பாடு. வடிவத்தை அழிக்காமல் அதே வேலைக்கோ வேறு வேலைக்கோ அமர்த்துவது.

தெருவில் ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு போனவர் மறுசுழற்சியின் ஆள். ஓட்டைக் குடத்தை அவர் குடமாகப் பார்க்கவில்லை, ஒன்றரைக் கிலோ பித்தளையாகப் பார்த்தார். அதே ஓட்டைக் குடத்தில் மண் போட்டுத் துளசி வைத்த எங்கள் அப்பத்தா மறுபயன்பாட்டின் ஆள். ஓட்டையும் வீணாகவில்லை, தண்ணீர் வடிய வேண்டுமே.

சுருக்கமாக: மறுசுழற்சி சரக்கைக் காப்பாற்றுகிறது, வடிவத்தை விட்டுவிடுகிறது. மறுபயன்பாடு இரண்டையும் வைத்துக்கொள்கிறது. சேதாரமும் செய்கூலியும் மறுசுழற்சியோடு கூடவே வருபவை. அந்தச் செலவு எவ்வளவு என்பதுதான் பொருளுக்குப் பொருள் மாறும்.

சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு

பழைய சாமானைக் கடையில் போட்டதும் காசு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அதன் பயணமே ஆரம்பிக்கிறது. ரகம் பிரித்தல், மூட்டை கட்டுதல், லாரி, கழுவுதல், பிறகு உலை. லாரியின் டீசலும் உலையின் சூடும் இங்கே செய்கூலி. வழியில் கெட்டுப்போவதும் தரம் குறைவதும் சேதாரம்.

அலுமினியத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே வருகிறது. அது 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால், பழையதை உருக்குவதில் சுமார் 95 சதவீத எரிசக்தி மிச்சம். நசுங்கிப்போன அலுமினியச் சட்டியைத் தயங்காமல் கடையில் போடலாம்.

கண்ணாடி அப்படி இல்லை. உலைக்குச் சுமார் 1500 டிகிரி சூடு வேண்டும். பழைய உடைசலைச் சேர்த்தாலும் சூடு பெரிதாகக் குறைவதில்லை. சரக்கில் பத்தில் ஒரு பங்கு உடைசலாக இருந்தால் மிச்சமாகும் எரிசக்தி இரண்டு, மூன்று சதவீதம். கண்ணாடியின் தரம் குறையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம், எல்லாம் சரி. செய்கூலிதான் கட்டுப்படியாகாது.

காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் பிரச்சினை வேறு மாதிரி. இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிழிந்தவுடன் இழைகள் நீளமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இருக்கும். அதை உதிர்த்துத் தாளித்தால் இழை உடையும். அதையே மறுபடி கிளறினால் இன்னும் உடையும். காகிதம் மரத்தின் நார் இழைகளால் ஆனது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. பிளாஸ்டிக்கும் நுண்ணிய நீளச் சங்கிலிகளின் பின்னல்தான். உருக்க உருக்கச் சங்கிலி அறுபடும். அதனால் தண்ணீர் பாட்டிலாக இருந்தது பெரும்பாலும் மறுபடி தண்ணீர் பாட்டிலாவதில்லை, நூலாகவோ பட்டையாகவோ ஆகிறது. இதற்குத் தரமிறக்கம் என்று பெயர்: மறுசுழற்சியில் சரக்கு முன்பைவிடக் கீழான வேலைக்கு இறங்குவது.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோண அம்புக்குறியும் நடுவில் ஓர் எண்ணும் இருக்கிறதே, அதைப் பார்த்து ‘இது மறுசுழற்சி ஆகிவிடும்’ என்று நிம்மதியாகத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அந்த எண் பிளாஸ்டிக்கின் ரகத்தை மட்டும் சொல்கிறது. 1988இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் ரகம் பிரிப்பதற்காகக் கொண்டுவந்த குறியீடு அது. தண்ணீர் பாட்டிலுக்கு 1, ஷாம்பு பாட்டில் போன்ற கனத்த ரகத்துக்கு 2, ஊறுகாய் டப்பா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 5. வாங்கி உருக்க ஆள் இருக்கிறாரா என்பது அந்த முக்கோணத்தில் எழுதியிருக்காது.

சுருக்கமாக: அலுமினியத்துக்குச் செய்கூலி குறைவு. கண்ணாடிக்குச் சேதாரம் இல்லை, செய்கூலி அதிகம். காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சேதாரம் கூடிக்கொண்டே போகும்.

வடிவத்துக்குள் இருக்கும் வேலை

ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும் மணலுக்கு விலை பெரிதாக ஒன்றும் கிடையாது. அதை உருக்கிய சூடு, அச்சில் ஊதிய இயந்திரம், மூடிக்கான மரை, கொண்டுவந்த லாரி இவைதான் அதன் மதிப்பு. ஒரு பொருளை உருவாக்கி நம் கைக்குக் கொண்டுவரும்வரை செலவான மொத்த எரிசக்தியை உள்ளுறை ஆற்றல் என்பார்கள். பாட்டிலை உடைத்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். கழுவி, வெயிலில் காயவைத்துப் புளி போட்டால் ஒன்றும் போகாது. செய்கூலி ஒரு சொம்புத் தண்ணீர்.

கோலி சோடா இதை ஒரு வியாபாரமாகவே நடத்திக் காட்டியது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் அந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சோடாவைக் குடித்துவிட்டு பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனோம். காலி பாட்டில்கள் அப்படியே சோடா கம்பெனிக்குத் திரும்பி, கழுவி, நிரம்பி மறுபடி வந்தன. யாரும் அதை மறுபயன்பாடு என்று சொல்லவில்லை, சோடா குடிப்பது என்றால் அப்படித்தான்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதே கணக்குதான். சீர்ச் சாமானாக வந்த பித்தளை அண்டா உள்ளே தேய்ந்து களிம்பு பிடிக்க ஆரம்பித்தால் ஆச்சிமார் அதைத் தூக்கிப் போடுவதில்லை, ஈயம் பூசுகிறவர் வரும்வரை ஓரமாகக் கவிழ்த்து வைப்பார்கள். அவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டுத் துடைத்து, ஈயக்குச்சியை இழுத்து, துணியால் சுழற்றித் தேய்ப்பார். கறுத்த பாத்திரம் கண் முன்னால் வெள்ளியாக மாறும். (பேச்சில் ஈயம் என்றாலும் அது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. இதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு பூசச் சொல்ல வேண்டும்.) வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடுகிறது. அண்டாவையே உருக்கிப் புதிதாகச் செய்வதென்றால் 900 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பழுது பார்ப்பதும் மறுபயன்பாட்டின் ஒரு பகுதிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சில பொருள்களை உருக்கி மறுபடி அதே பொருளாக்க வழியே கிடையாது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அப்படிப்பட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. முகம் பளபளப்பாக வருவது அந்தக் கண்ணாடியால்தான். ஆனால் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது ஒருவழிப் பாதை. வெந்த இட்லி திரும்ப மாவாகுமா? உடைந்த ஆத்தங்குடிக் கல்லை உருக்கி இன்னொரு கல் செய்ய முடியாது. பெயர்க்கும்போது முழுசாக வந்தால் வேறு அறைக்குப் பதிக்கலாம். உடைந்தால் துண்டுகளைச் சேர்த்துக் கிணற்றடிக்கோ தோட்டத்து நடைபாதைக்கோ பதிக்கலாம். கற்பனைக்கு வேலை இருப்பது இங்கேதான். துண்டாகிவிட்ட வடிவத்துக்கும் ஒரு வேலை கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு புடவை படி இறங்குகிறது

மறுபயன்பாட்டில் ஒரு வரிசை உண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, கண்டாங்கி என்ற செட்டிநாட்டுப் பருத்திப் புடவை சொல்லித்தந்தது.

அப்பத்தா கண்டாங்கி கட்டியது பத்துப் பன்னிரண்டு வருடம். முதலில் வெளியே போக, பிறகு வீட்டில். துவைத்துத் துவைத்து முரட்டுத்தனம் போய்ப் பூப்போல ஆனதும் அது தூளிக்குப் போகும். குழந்தைக்குப் புதுத்துணியில் தூளி கட்ட மாட்டார்கள். பழைய புடவைதான் மெதுவாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும், குழந்தையோடு சேர்ந்து வளையும். இந்த வேலைக்குப் பழையதுதான் உசத்தி என்பதைக் கவனிக்க வேண்டும். தேய்ந்ததே இங்கே தகுதி.

தூளிக் காலம் முடிந்ததும் நடுப்பகுதி நைந்திருக்கும், ஓரங்கள் நன்றாக இருக்கும். நல்ல பகுதி தலையணை உறையாகும். கொஞ்சம் மங்கியது வற்றல் போட மாடிக்குப் போகும். வடகம் உரித்தெடுக்கும்போது துணியை நனைத்துப் பின்பக்கமாகத் தட்டுவார்களே, அதற்கு நைந்த பருத்திபோல ஒத்துழைக்கும் துணி வேறில்லை. அதற்கும் அடுத்தபடி கரித்துணி. அடுப்பிலிருந்து சட்டி இறக்க, மேடை துடைக்க. அதுவும் கந்தலானால் தரை துடைக்க. கறைபடாத சிறு கிழிசல்கள் தனியாக ஒரு டப்பாவில் சேர்ந்து, கார்த்திகைக்குத் திரியாகத் திரிக்கப்படும்.

இந்த வரிசையில் ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதுக்கு, சுத்தமானதிலிருந்து அழுக்கானதுக்கு. தூளியைக் கரித்துணியாக்கலாம், கரித்துணியைத் தூளியாக்க முடியாது. ஒவ்வொரு வெட்டும் திரும்பாத வெட்டு. அதனால் கத்தரியைக் கடைசியில் எடுக்க வேண்டும். இணையத்தில் வரும் கைவேலைப் படங்களில் எனக்குள்ள மனக்குறை இதுதான். இன்னும் ஐந்து வருடம் கட்டக்கூடிய புடவையை எடுத்த எடுப்பில் பொடிப்பொடியாக வெட்டி மிதியடி பின்னுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்கு படியைத் தாண்டிக் குதித்தாயிற்று.

மரத்துக்கும் இதே வரிசைதான். பர்மாத் தேக்குக் கதவு கதவாகவே இன்னொரு வீட்டுக்குப் போவது முதல் படி. மேஜைப் பலகையாவது அடுத்தது. படச்சட்டம் அதற்கடுத்தது, விறகு கடைசி. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். கதவாக நிற்கும்வரை அது மரத்துக்குள் இருக்கும், விறகானால் அன்றைக்கே புகையாகக் காற்றில் சேரும்.

சுருக்கமாக: ஒரு பொருளின் பயன் ஒரே தாவலில் முடிய வேண்டியதில்லை. படிப்படியாக இறக்கினால் ஒரே புடவை ஐந்தாறு பொருளின் வேலையைச் செய்யும்.

எதை வாங்காமல் விட்டோம்?

இனி அந்தத் தங்கநிறப் பூச்சாடிக்கு வருவோம். பாட்டிலின் வடிவம் அப்படியேதான் இருந்தது. உருக்கவில்லை. பிறகு ஏன் அது மறுபயன்பாடு ஆகவில்லை?

ஏனென்றால் எங்களுக்குப் பூச்சாடி தேவைப்படவில்லை. மறுபயன்பாடு கணக்கில் ஏற வேண்டுமானால், அதனால் ஒரு புதுப்பொருள் வாங்காமல் விட்டிருக்க வேண்டும். புளிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்ததால் புது ஜாடி வாங்கவில்லை, கணக்கில் ஏறும். ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை வைத்ததால் ஃபிரிட்ஜுக்கென்று புது டப்பா வாங்கவில்லை, ஏறும். முப்பது ஐஸ்கிரீம் டப்பாவை ‘என்றைக்காவது ஆகும்’ என்று பரணில் அடுக்கி வைத்திருந்தால் ஏறாது. அது வெறும் சேமிப்பு. செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறைக்குப் பஞ்சமில்லை, எதையும் எறியாத குணத்துக்கும் பஞ்சமில்லை. இந்த இடத்தில் நாம் கொஞ்சம் அசட்டையாக இருக்கிறோம்.

மஞ்சப்பையும் இந்தக் கேள்விக்குத் தப்பாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பருத்தி விளைய நீரும் உரமும், நூற்க, நெய்ய மின்சாரமும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பக் கணக்கில் அது ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். மாட்டின் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக், அடைபடும் சாக்கடை எல்லாம் அந்த எண்ணில் வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் ஒவ்வொரு கல்யாணத் தாம்பூலத்திலும் ஒரு பை வாங்கி வந்து மடித்து வைத்தால் அது மஞ்சப்பை இயக்கம் ஆகாது. ஒரே பை, வாரச் சந்தைக்கு வாரம் ஒருமுறை என்றால் இரண்டரை வருடத்தில் 131 முறை வந்துவிடும்.

எதை மறுபடி எடுக்கக் கூடாது

பெயின்ட் வாளியைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்ளலாம், குடிநீருக்கோ ஊறுகாய்க்கோ கூடாது. பூச்சிமருந்து டப்பா எதற்குமே கூடாது. பழைய செய்தித்தாளில் பஜ்ஜி வடை மடிப்பதும் மறுபயன்பாடு போலத்தான் தோன்றும். சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்துத் தின்பண்டத்தில் ஏற்றிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றக் கூடாது.

மாடியில் தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த ஜாடி என்று தொட்டி வைப்பவர்கள் அடியில் ஓட்டை போட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர எட்டு, பத்து நாள் போதும். தேங்கிய தண்ணீர் ஒரு மூடி அளவு இருந்தாலும் அதற்குப் போதும்.

பழைய ஃபிரிட்ஜ் ஒரு தனிக் கதை. அதை ஓட்டிக்கொண்டே இருப்பதும் மறுபயன்பாடுதான், ஆனால் அது தின்னும் மின்சாரம் புதியதைவிட மிக அதிகமாக இருந்தால் வைத்திருப்பதே நஷ்டம். மின்சாரமோ எரிபொருளோ தின்னாத பொருள்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தூண் வேறு, வீடு வேறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் தேக்குத் தூண், கதவு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, மங்குத் தட்டு என்று கடைக்குக் கடை குவிந்திருக்கும். பார்த்தால் மறுபயன்பாட்டின் தலைநகரம் போலத் தெரியும். பாதி உண்மை. தானே இடிந்துவிழுந்த வீட்டின் தூண் விறகாகாமல் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் நிற்பது நல்லதுதான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளைக் கொண்டுபோய் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதுவும் இந்த வகைதான்.

ஆனால் நன்றாக நிற்கும் வீட்டைத் தூணுக்காகப் பிரிப்பது புதுப்புடவையைக் கத்தரிப்பது மாதிரி. முற்றம் சூழ்ந்த வளவும் கூடமான பட்டாலையும் பின்கட்டான ரெண்டாங்கட்டும் சேர்ந்த வீடுதான் மேல்படி. பிரித்துவிட்டால் சுண்ணாம்புப் பூச்சும் சுவரும் வெறும் மண்மேடு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது முப்பது பேர் ஆகி, ஆளுக்கொரு ஊரில் இருந்தால் பராமரிப்புக்குக் கையெழுத்து வாங்குவதைவிட விற்பதற்குக் கையெழுத்து வாங்குவது சுலபமாகிவிடுகிறது. அவர்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. முற்றம் முற்றமாகவே இருக்கிறது, சாப்பிடுகிறவர்கள்தான் வேறு ஆட்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதும் தனித்தனித் தூண்களுக்காக இல்லை, முழு ஊர்களுக்காக.

இந்த வருடமும் பள்ளியில் கண்காட்சி வந்தது, தலைப்பும் அதேதான். தம்பி மகள் ஓர் அட்டையில் வரிசையாக ஐந்து துணி குத்தினாள்: கண்டாங்கி முந்தானையில் ஒரு துண்டு, தூளித் துணி, தலையணை உறை, கரித்துணி, திரி. கீழே அம்புக்குறி போட்டாள். பசை வாங்கவில்லை, குண்டூசி வீட்டிலேயே இருந்தது. இந்த முறை பரிசு கிடைக்கவில்லை. மாலையில் அவள் வந்ததும் அவளுடைய அம்மா முதலில் கேட்டது கரித்துணியைத்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, இறக்குவதற்கு வேறு துணி இல்லை.